அந்த வசனம் யாருக்குச் சொன்னது, ஐயா?

நம் சபைப் பத்திரிகையின் சென்ற இதழில் நீங்கள் எழுதியதை, மும்பை விக்ரோலி பார்க்சைட்டில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்தேன். ‘ஆவிக்குரிய கொடுமை’ என்பது மேல்நாட்டார் கட்டிவிட்ட சொல். சபையில் புண்பட்டோம் என்பவர்கள் கீழ்ப்படியத் தெரியாதவர்கள். அபிஷேகம் பெற்றவரைக் குறைசொன்னால் சாபம் வரும். மன்னித்து வாய்மூடி இருப்பதே விசுவாசிக்கு அழகு. இவ்வளவுதான் உங்கள் கட்டுரை. இதில் ஒன்றுகூட வேதத்தின் முன்னால் நிற்காது.

என் அம்மா பவாய் ஹீராநந்தானியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். சம்பளம் கைக்கு வந்த அன்றே பத்தில் ஒரு பங்கை வெள்ளைக் கவரில் போட்டு, பெயரும் தொகையும் எழுதி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவார். நாங்கள் போன சபையில் கதவின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். இடப்பக்கம் குடும்பங்களின் பெயர்கள், மேலே மாதங்கள். அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்த இரண்டு மாதமும் எங்கள் கட்டம் காலியாக இருந்தது. ஒரு ஞாயிறு பாஸ்டர் எங்கள் வரிசையைப் பார்த்தே சொன்னார்: ஆண்டவருடைய பங்கைத் திருடின வீட்டில் எலும்பு முறியும். அம்மா முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அக்காவின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் கவருக்குள் போனது.

கால் முறிந்தது முதலில், காணிக்கை நின்றது பிறகு. அங்கிருந்த ஒருவருக்கும் அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்க முடியாதபடி ஒரு கூட்டத்தைப் பழக்கிவைப்பதற்குத்தான் கொடுமை என்று பெயர். உபாகமம் 14ஐத் திறந்து பாருங்கள். மூன்றாம் வருடத்துத் தசமபாகம் லேவியனோடு அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வயிறாரச் சாப்பிடுவதற்கு. பாத்திரம் தேய்க்கிறவளிடமிருந்து பிடுங்குவதற்கு அல்ல.

இனி உங்கள் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக்கூடாது என்ற வசனம் 105ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் யார்? சொந்த மண் இல்லாமல், கொஞ்சம் பேராக, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அலைந்த முற்பிதாக்கள். அவர்களுக்காகக் கடவுள் கடிந்துகொண்டது ராஜாக்களை. திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து சால் வீட்டில் ஒண்டிக்கொண்ட எங்கள் குடும்பத்துக்குத்தான் அந்த வசனம் அரண். அதைப் பிடுங்கி மேடையில் நிற்கிறவருக்குக் கவசமாக மாட்டியிருக்கிறீர்கள்.

தாவீது சவுலின் மேல் கைவைக்கவில்லை என்று உதாரணம் காட்டுகிறீர்கள். கைவைக்கவில்லை, சரி. ஆனால் குகையிலிருந்து வெளியே வந்து, படைவீரர்கள் கேட்க, சவுலின் அநியாயத்தை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னான். அரண்மனைக்குத் திரும்பியும் போகவில்லை. சபையை விட்டு விலகியவர்களைப் ‘பின்மாறினவர்கள்’ என்கிறீர்களே, தாவீதையும் அப்படித்தான் அழைப்பீர்களா? மேல்நாட்டுச் சொல் என்ற வாதத்துக்கு அதிக நேரம் வேண்டாம். மந்தையின் கொழுப்பைத் தின்ற மேய்ப்பர்களைப் பற்றி எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் பேசுகிறது.

சபைகள் மேல் கல்லெறியும் காலத்தில் எதிரிக்குத் தீனி போடாதே என்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் மூடிவைத்ததன் பலனைப் பாருங்கள். சென்னையில் 1946இல் பிறந்து உலகப் புகழ்பெற்ற பிரசங்கி ரவி சக்கரியாஸ் 2020இல் இறந்தார். அவருடைய பாலியல் அத்துமீறல்களை அவரது அமைப்பே நியமித்த விசாரணை 2021 பிப்ரவரியில் உறுதிசெய்தது. ஒரு பெண்ணை அவர் எப்படி அடக்கினார் என்பது அந்த அறிக்கையில் இருக்கிறது: நீ வாய் திறந்தால், லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழப்பதற்கு நீயே பொறுப்பு. உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியும் இதே மிரட்டல்தான். பஞ்சாபில் பஜிந்தர் சிங் மேல் ஒரு பெண் 2018இல் புகார் கொடுத்தார். 2025 ஏப்ரல் 1 அன்று மொகாலி நீதிமன்றம் அந்தப் போதகருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சபைக்கு அவமானம் அந்தப் பெண்ணால் வந்ததா, பாஸ்டரால் வந்ததா?

நாங்கள் விலகிய பிறகு, கூடவே ஜெபித்த சகோதரிகள் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா ஒரு வருடம் வேதத்தைத் திறக்கவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, எந்தப் பாவத்துக்கு இது என்று கேட்பார். அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் அவரை முதலில் பேசவிட்டுக் கேட்டார். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. இப்போது வேறொரு சபையில் கதவோரக் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். காணிக்கைத் தட்டு வரும்போது தலைகுனிய வேண்டாம் அம்மா என்று அந்த ஆயர் முதல் வாரமே சொல்லிவிட்டார். இதே நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருந்தும் ஆலோசனையும் அவிசுவாசம் இல்லை.

மன்னிக்கச் சொன்னீர்கள். அம்மா மன்னித்து வெகுநாளாகிறது, அந்தப் பாஸ்டருக்காக ஜெபிக்கவும் செய்கிறார். ஆனால் அந்த அட்டை இன்னும் கதவில்தான் இருக்கிறது. எங்கள் பெயரை அடித்துவிட்டு, அதன் கீழே புதிதாக இரண்டு குடும்பங்களின் பெயரை எழுதியிருக்கிறார்கள்.