மோடம் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி...

2025 செப்டம்பர் 30ஆம் தேதியோட ஏஓஎல் தன்னோட டயல்-அப் சேவையை மூடிடுச்சு. உடனே ஆளாளுக்கு அந்தக் 'கீ... கொர்ர்ர்' சத்தத்தை நினைச்சு உருக ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கென்னவோ உருக்கம் வரலை மக்களே, பழைய கோபம்தான் வருது.

அப்பல்லாம் நெட் கனெக்ட் ஆகலைன்னு ஆளைக் கூப்பிட்டா, பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துடும்: "இன்டர்னல் மோடம் போச்சு சார், மாத்திடலாம்." 2002ல எங்க வீட்டுல இப்படி ரெண்டு தடவை மாத்தினாங்க. கடைசியில பார்த்தா, சுவத்துல இருந்த ரோசெட் பாக்ஸுக்குள்ள ஒயர் பச்சை பூத்துக் கிடந்தது. ரெண்டு கார்டுக்குக் கொடுத்த காசு? அது கடைக்காரர் கணக்கு :-)

என்னைக் கேட்டா, மோடத்தைத் தொடறதுக்கு முன்னாடி அதே ஒயர்ல சாதாரண போனைச் சொருகிக் காதுல வைக்கணும். லேசான கரகரப்பு நமக்குப் பெரிசில்லை, பேசிடலாம். 56கே மோடத்துக்கு அது பெரிய இடைஞ்சல். வேகம் விழும், இல்லைன்னா லைனே அறுந்துடும். அப்புறம், கார்டுல ரெண்டு ஓட்டை இருக்கும், 'லைன்', 'போன்'னு. சுவத்து ஒயர் போனுக்கான ஓட்டையில சொருகியிருக்கான்னு பாக்காம யாரும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக்கூடாது.

லைன் சுத்தம்னா விண்டோஸ் 98ல கண்ட்ரோல் பேனல் போய், மோடம்ஸ்ல டயக்னாஸ்டிக்ஸ். மோடம் பதில் சொல்லுதா? அப்ப கார்டும் டிரைவரும் பெரும்பாலும் உசிரோடதான் இருக்கு. போன்ல டோன் கேட்டும் மோடம் 'டயல் டோன் இல்லை'ன்னு அடம்பிடிச்சா, எக்ஸ்சேஞ்ச் டோன் அதுக்குப் புரியலைன்னு அர்த்தம். ஏடிஎக்ஸ்3ன்னு ஒரு கட்டளை கொடுத்தா டோனுக்குக் காத்திருக்காம டயல் பண்ணிடும்.

பதிலே வரலைன்னாலும் கார்டு செத்துடுச்சுன்னு அர்த்தமில்லை. இங்கதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். மலிவா வித்த பிசிஐ மோடம்கள்ல பாதிக்கு மேல 'வின்மோடம்' வகை. மோடம் செய்ய வேண்டிய கணக்கை எல்லாம் கம்ப்யூட்டரோட ப்ராசஸர் தலையில கட்டிடும். டிரைவர் சிடி தொலைஞ்சா அந்தக் கார்டு வெறும் பச்சை அட்டை. லினக்ஸ் போட்டவங்க பட்ட பாடு தனிக்கதை. பாதிப் பொருளை முழுப் பொருளா வித்ததை நான் ஏமாத்துன்னுதான் சொல்வேன். டிரைவர் வேணும்னா அட்டைப்பெட்டியில போட்டிருக்கற பேரைத் தேடாதீங்க. கார்டுல இருக்கற சிப்பு மேல கானெக்ஸன்ட், லூசென்ட், மோட்டோரோலான்னு என்ன எழுதியிருக்குன்னு பார்த்துத் தேடுங்க.

இடி மின்னல்ல போன் லைன் வழியா நிஜமாவே செத்த மோடமும் உண்டு, மறுக்கலை. ஆனா மழையே பெய்யாத மே மாசத்துலயும் அதே காரணம் சொன்னாங்களே!

பழைய பெட்டியை இப்ப தூசு தட்டி எடுக்கறவங்களுக்கு ஒண்ணு: ஃபைபர்ல வர்ற லேண்ட்லைன், குரலைத் துண்டு துண்டா பாக்கெட்டாக்கி அனுப்புது. மோடத்தோட பேச்சு அதுல குழறிடலாம். அந்தப் பழியையும் பாவம், அந்தக் கார்டு மேல போட்டுடாதீங்க.