பாலு எங்கள் வீட்டுப் பூனை

இரவு ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி தெருமுனையில் இறக்கிவிடும். பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நான் முதலில் செய்கிற வேலை, "பாலு, பாலு" என்று கூப்பிட்டுக்கொண்டே சந்து முழுக்க நடப்பது. பின்வரிசையில் ஒரு வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து அவன் குரல் வரும். கதவு சாத்தியிருக்கும். தட்டினால் உள்ளே டி.வி. சத்தம் குறையும், கதவு திறக்காது. நான்கு மாதமாக இதுதான் என் மாலைப்பொழுது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மழையில் வந்தவன் அவன். வருடம் முழுக்க மணலும் கருவேலமுமாகக் கிடக்கிற ஆறு கரை முட்ட ஓடியதைப் பார்க்க ஊரே கிளம்பிப் போயிருந்தது. எங்கள் படிக்கட்டுக்கு அடியில் உள்ளங்கை அளவுக் குட்டி ஒன்று நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மகள் துண்டில் சுற்றித் தூக்கிவந்தாள். ஆற்றின் பெயரைச் சுருக்கி பாலு என்று வைத்ததும் அவள்தான்.

நான் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கத்தில் எந்த ஊரில் காலையில் நின்று பார்த்தாலும் ஷூ கம்பெனி பஸ்களில் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பகலில் பாதி வீடுகளில் ஆளிருக்காது. என் வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருக்கும். சிலிண்டர் வந்தால் பக்கத்து வீட்டில் வாங்கிவைப்பார்கள். மகளை வளர்த்ததில் இந்தச் சந்துக்குப் பாதிப் பங்கு உண்டு; அதை நான் எங்கும் மறுக்க மாட்டேன். அதனாலேயே பூனை விஷயத்தில் வாய் திறக்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

போன வருடம் ஒருநாள் பாலு மணல் தட்டில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். முக்குகிறான், ஒரு சொட்டு வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு ராத்திரியை வீணாக்கினேன். மறுநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, காய்கறிக் கூடையில் வைத்து மூடி, 50 கிலோமீட்டர் தள்ளி வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தது. ஆண் பூனைக்கு அந்தப் பாதை மிகவும் குறுகல். மணல் போன்ற படிகமோ சளிபோன்ற கட்டியோ அதில் அடைத்துக்கொண்டால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும் என்றார் டாக்டர். மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். என் சம்பளத்தில் பாதி அதற்கே போனது.

ஒருமுறை அடைத்தது மறுபடி அடைக்கலாம். அதனால்தான் டாக்டர் சட்டம் போட்டு அனுப்பினார்: கருவாடு கூடாது, உப்பும் மசாலாவும் கூடாது, எழுதிக்கொடுத்த தீனி மட்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். எங்கள் பகுதியில் தண்ணீர் குடிக்கவைப்பதும் லேசான காரியமில்லை. தோல் பதனிடும் ஆலைக் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரை முகர்ந்துவிட்டுப் பாலு திரும்பிக்கொள்வான். நாங்கள் குடிக்கிற கேன் தண்ணீரைத்தான் அவனுக்கும் மூன்று கிண்ணத்தில் ஊற்றி மூன்று மூலையில் வைக்கிறேன்.

இவ்வளவையும் ஒரு கருவாட்டுத் தலை கெடுத்துவிடும்.

கருவாடு மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிரியாணி இல்லை? சீரகச் சம்பா, மிளகாய் விழுது, பூண்டு, கூடை வெங்காயம். தட்டில் மிஞ்சிய கறித்துண்டைப் பூனைக்குப் போடுவது பாசம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பால் கூட வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் வரும். போன மாதம் பாலுவைக் காட்டிப் பின்வீட்டுப் பெண், "உடம்பு சுடுதுக்கா, பாராசிட்டமால் அரை கரைச்சுக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி கிடையாது. அரை மாத்திரையில் உயிர் போகலாம். அன்று கேட்டாள். கேட்காமல் கொடுத்திருந்தால்?

எதிர்வீட்டுப் பாட்டி நானிமாவும் சோறு வைத்தவர்தான். வாசலில் அவர் உட்கார்ந்தால் பாலு மடியில் ஏறிவிடுவான். டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒருவழியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியாம பண்ணிட்டேம்மா. எது வெச்சா அவனுக்கு நல்லது, சொல்லு" என்றார். அவரிடம் ஒரு டப்பா தீனி கொடுத்துவைத்தேன். மதியம் ஒரு கைப்பிடி வைப்பார். சாப்பிட்டானா, மணல் தட்டில் சிறுநீர் போனானா என்று சாயங்காலம் எனக்குச் சொல்வார். பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு கொடுக்காமல், அது தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் எச்சரித்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான். "சோறு போடாதது மட்டுமில்லம்மா, அவுத்து விடாததும் குத்தம்" என்றார்.

பின்வீட்டில் இது எடுபடவில்லை. நன்றாகப் படித்த இளம் தம்பதி. பூனைமேல் உண்மையான பிரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மகளின் போன் நம்பர் எழுதிப் பாலுவின் கழுத்தில் பட்டை கட்டினேன். இரண்டு நாளில் பட்டை காணோம். சிவப்பு ரிப்பனும் மணியுமாக வந்தான். அவர்கள் வீட்டில் அவன் பெயர் கண்ணன். டாக்டர் சீட்டை எடுத்துப்போய்க் காட்டினேன். "நாங்க ஒண்ணும் புடிச்சு வைக்கலைக்கா, அதுவா வருது" என்றார் அந்தத் தம்பி. அந்தப் பெண் சொன்னதுதான் தைத்தது: "எப்ப பாத்தாலும் பசியோட வருது. நீங்க காலைல போனா ராத்திரி வர்றீங்க. பாவம் இல்லையா?"

எலியும் குருவியும் பிடித்துத் தின்று வாழ்ந்த இனம் பூனை. ஒருநாளைக்குப் பத்து தடவைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதுதான் அதன் இயல்பு. எந்த வாசலில் தட்டு வைத்தாலும் வாய் வைக்கும். அதை வைத்து வளர்க்கிறவள் பட்டினி போடுகிறாள் என்று முடிவு கட்டலாமா? வேலைக்குப் போகிற பெண்ணிடம் பிள்ளையைச் சொல்லிக் குத்துவார்கள். இப்போது பூனையைச் சொல்லியும் குத்துகிறார்கள். அவன் எந்த நாளில் எவ்வளவு சிறுநீர் கழித்தான் என்று காலண்டரில் குறித்துவைக்கிறவள் நான். இரண்டு நாள் அவர்கள் வீட்டுக்குள் இருந்துவிட்டால் அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. அடைப்பு வந்தால் அவர்களுக்கும் புரியாது. நானே முதல் ராத்திரி ஏமாந்தவள்தானே.

லண்டன் ஹேமர்ஸ்மித்தில் இதே விவகாரம் நீதிமன்றம் வரை போனது. மெயின் கூன் பூனை ஒன்றுக்கு அக்கம்பக்கத்து அம்மாள் ஒருவர் தீனி வைத்து, உள்ளே சேர்த்து, கழுத்துப் பட்டையையும் மாற்றியதாக அதை வளர்த்த தம்பதி வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரியில், இனிமேல் தீனி வைப்பதில்லை, உள்ளே விடுவதில்லை என்று அந்த அம்மாள் ஒப்புக்கொண்டதோடு வழக்கு முடிந்தது. தம்பதிக்கு ஆன செலவு 20,000 பவுண்டுக்கு மேல். படித்தபோது, அவர்கள் மனம் எவ்வளவு வெந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. என்னால் போக முடியாது. எனக்கு அதற்குப் பணமும் இல்லை, மனமும் இல்லை. நாளைக்கு ராத்திரி என் மகளுக்கு ஜுரம் என்றால் வண்டி எடுக்கப்போவது அந்தப் பின்வீட்டுத் தம்பிதான்.

அதனால் கேட்கிறேன், அந்த வீட்டாரிடமும், இதைப் படிக்கிற எல்லோரிடமும். உங்கள் வாசலுக்கு வருகிற பூனை கொழுகொழுவென்று, கழுத்தில் பட்டையோடு இருந்தால், தட்டு வைப்பதற்கு முன்னால் நாலு வீட்டில் விசாரியுங்கள். வளர்க்கிறவர் இதைக் கொடுக்காதே என்றால் கொடுக்காதீர்கள். கொஞ்ச ஆசையா, வாசலில் வைத்துக் கொஞ்சுங்கள், நான் சந்தோஷப்படுவேன். பின்வீட்டாரே, நானிமாவிடம் கொடுத்ததைப் போல இன்னொரு டப்பா தீனி வாங்கிவைத்திருக்கிறேன், அது உங்களுக்குத்தான். கருவாடு மட்டும் வேண்டாம். இரவு ஏழு மணிக்கு நான் வந்து தட்டும்போது கதவைத் திறந்து பாலுவை வெளியே விடுங்கள்.