குறி தவறாத குண்டு



குண்டு மழை என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். மழை எங்கே விழவேண்டும் என்று யாராலும் கட்டளையிட முடியாதல்லவா? இரண்டாம் உலகப் போரில் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1941-இல் பிரிட்டிஷ் அரசு, தன் விமானங்கள் எடுத்த படங்களை ஆராய்ந்து பார்த்தது. இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அந்த இலக்குக்கு ஐந்து மைலுக்குள்ளாவது போயிருந்தது!

வியட்நாமில் தான்ஹோவா என்ற ஊருக்கு அருகே, மா ஆற்றின் மேல் ஒரு பாலம் உண்டு. 1965 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் அதைத் தாக்கத் தொடங்கின. ஆண்டுக்கணக்கில் குண்டுகள் விழுந்தன. பல விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. பாலம் மட்டும் விழவில்லை. 1972 மே 13-ஆம் நாள் லேசர் குண்டுகளோடு 14 விமானங்கள் வந்தன. அன்றே பாலம் சாய்ந்தது.

லேசர் குண்டு எப்படி வேலை செய்கிறது? விமானத்திலிருந்து ஒருவர் இலக்கின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார். குண்டின் மூக்கில் உள்ள கருவி, அங்கிருந்து திரும்பி வரும் ஒளியைக் கண்டுகொள்கிறது. விளக்கைத் தேடி வரும் ஈசலைப்போல, குண்டு தன் சிறகுகளைத் திருப்பிக்கொண்டு அங்கேயே போய் விழுகிறது.

இனி அப்பாவிகள் சாகமாட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். 1991 பிப்ரவரி 13 விடியற்காலை, பாக்தாத் நகரின் அமீரியா பகுதியில் ஒரு கட்டடத்தின்மேல் இரண்டு லேசர் குண்டுகள் விழுந்தன. குறி சிறிதும் தப்பவில்லை. அது இராணுவக் கட்டளை நிலையம் என்று அமெரிக்கா எண்ணியிருந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களோ பொதுமக்கள். பெண்களும் குழந்தைகளுமாக நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

1999-இல் பெல்கிரேட் நகரில் சீனத் தூதரகத்தின்மேல் குண்டுகள் விழுந்தன. அவை வானத்துத் துணைக்கோள்கள் வழிகாட்ட வந்தவை. கொடுக்கப்பட்ட இடத்தில்தான் அவை விழுந்தன. இடத்தைக் குறித்தவர்கள்தாம் தவறினார்கள் என்று அமெரிக்கா விளக்கம் சொன்னது. மூவர் இறந்தனர்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் நாளைக்கு எய்தவன் யார்? 2022-இல் தொடங்கிய உக்ரேன் போரில், ஆளில்லாத சிறு விமானங்கள் ஒரு தனி மனிதனையே துரத்திப் பிடிக்கின்றன. இலக்கைத் தேர்ந்தெடுக்கும் வேலையையும் இயந்திரத்திடமே ஒப்படைக்கலாமா என்று இப்போது உலக நாடுகள் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. மனிதன் தவறினால் நிறுத்திக் கேட்கலாம். இயந்திரம் தவறினால் யாரைக் கேட்பது?

பெற்றோர்களே! தொலைக்காட்சியில் ஒரு கட்டடம் குறி பிசகாமல் வெடித்துச் சிதறுவதைக் கண்டு பிள்ளைகள் கைதட்டினால், கோபிக்காதீர்கள். "உள்ளே யார் இருந்தார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுங்கள்.