ஒரு விளக்கு, இரண்டு சுவிட்சு, ஒரு டிம்மர்

மாடிப்படி விளக்கைக் கீழே போட்டு, மேலே போய் அணைப்பது நம் இரட்டை மாடி வீடுகளில் பழகிப்போன வசதி. இப்போது ஹாலுக்கும் அதே ஆசை வந்திருக்கிறது. வாசல் பக்கம் ஒன்று, அறைப் பக்கம் ஒன்று. இரண்டு இடத்திலிருந்தும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால், "ரெண்டு டிம்மர் வாங்கி ரெண்டு பக்கமும் மாட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்.

டூ-வே சுவிட்சு, இரண்டு கம்பிகளில் எதன் வழியாக மின்சாரம் போக வேண்டும் என்பதை மட்டும் மாற்றுகிறது. டிம்மரின் வேலை வேறு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை எழுந்து அடங்கும். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பகுதியை டிம்மர் வெட்டிவிடும். சாதாரண டிம்மர் இரண்டை அடுத்தடுத்து மாட்டினால், ஒன்று வெட்டியதை இன்னொன்று மறுபடி வெட்டும். விளக்கு துடிக்கும், டிம்மரும் கெடலாம்.

மலிவான வழி: ஒரு பக்கம் டூ-வே டிம்மர், மறுபக்கம் சாதாரண டூ-வே சுவிட்சு. போடுவது, அணைப்பது இரண்டிலும் நடக்கும். வெளிச்சத்தை மாற்றுவது ஒன்றில் மட்டும். பெரும்பாலான ஹாலுக்கு இது போதும் என்பது என் கட்சி. மாடிப்படிக்கு மட்டும் வேண்டாம். மேலே யாரோ குமிழை அடிமட்டத்துக்குத் திருப்பி வைத்திருப்பார்கள்; நடுராத்திரி கீழே சுவிட்சைத் தட்டும் பாட்டிக்கு அந்த மங்கல் வெளிச்சம்தான் கிடைக்கும். படி தவறினால் என்னாவது?

இரண்டு பக்கமும் மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஒரு தலைமை டிம்மரும் மற்ற இடங்களில் அழுத்தினால் திரும்பி வரும் பொத்தானும் வேண்டும். தட்டினால் எரியும் அல்லது அணையும். அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் மாறும். இந்த வகையில் சிலவற்றுக்கு நியூட்ரல் கம்பி தேவை. பழைய வீடுகளில் பல சுவிட்சுப் பெட்டிகளில் அது இருக்காது. வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால், சுவர் பூசுமுன்பே சொல்லி இழுத்துவிடுங்கள். கைபேசியில் இயங்கும் பல்புக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அம்மா வழக்கம்போல் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் செயலி என்ன செய்யும்?

பல்பையும் பாருங்கள். பெட்டியில் 'டிம்மபிள்' என்று இல்லாத எல்.இ.டி. வேண்டாம். பழைய டிம்மர்கள் குண்டு பல்புக்காகச் செய்யப்பட்டவை. குறைந்தது 40 வாட் கேட்கும் டிம்மரில் 7 வாட் பல்பு மூன்றைப் போட்டால் மொத்தமே 21தான், கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். 'டிரெய்லிங் எட்ஜ்' வகை எல்.இ.டி.க்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

யூடியூப் பார்த்து நாமே மாட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மேல்மாடி விளக்கும் கீழ்மாடி விளக்கும் வெவ்வேறு சர்க்கியூட்டில் இருக்கலாம். ஒரு எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, எல்லாம் அணைந்துவிட்டது என்று கை வைத்தால், அதே பெட்டியில் இன்னொரு கம்பியில் 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். கம்பியின் நிறத்தையும் நம்ப முடியாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனையே கூப்பிடுங்கள். பதிவு அட்டையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர் வரும்முன் பல்பு எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று எழுதி வைத்திருந்தால், எந்த டிம்மர் வாங்குவது என்பதை அவரே சொல்லிவிடுவார்.