சிறு படகில் எக்கோ சவுண்டர்: திரையைவிடப் பொருத்துதல் முக்கியம்

புதுச்சேரிக் கடலில் தண்ணீர் மட்டத்தோடு உட்கார்ந்து, அலை தெறிக்க நனைந்துகொண்டே, துடுப்பை மட்டும் நம்பிப் போகும் கலம் புதிய வஸ்துவன்று. வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரம் தள்ளியவர்கள் அந்த வாழ்க்கையைத்தான் வாழ்ந்தார்கள். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த அந்தக் கலத்தின் ஸ்தானத்தை, சிறப்பாக 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு, ஃபைபர் படகு பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போதோ சுண்ணாம்பாற்றின் அமைதியான நீரில் உல்லாசத்துக்காக ஓட்டிப் பழகிய கயாக்கை முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குக் கொண்டுபோய், ஓய்வு நாளில் தூண்டில் போட ஆசைப்படுகிற நகரவாசிகளும் தோன்றியிருக்கிறார்கள்.

பிழைப்புக்காகப் போகிறவர், பொழுதுபோக்குக்காகப் போகிறவர் ஆகிய இவ்விரு சாராரும் இன்று விரும்பி வாங்கும் உபகரணம் ஒன்றே: எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய சிறு திரை. அதன் பிரயோஜனத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திரையைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செலவிடும் பணமும் கவனமும் மிகுதியாகவும், அதைப் பொருத்துவதிலும் அது வரைந்து காட்டுவதைப் படிக்கக் கற்பதிலும் செலவிடுவது மிகக் குறைவாகவும் இருக்கின்றன என்பதும், இந்தக் குறை தனி மனிதர்களிடம் மட்டுமன்றிக் கடலோரத்தாருக்குக் கருவிகளை வழங்கும் அரசாங்கத்திடமும் காணப்படுகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

கருவி வேலை செய்யும் முறையை அறிந்தவருக்குத் தேர்வு சுலபமாகிவிடும். படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் என்ற உறுப்பு, காதுக்கு எட்டாத ஒலித் துடிப்பை நீருக்குள் அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கே போதும். இந்த ஒலி கூம்பாக விரிகிறது. 20 பாகை விரிவுள்ள கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலமுள்ள வட்டத்தை மட்டுமே பார்க்கிறது. ஆகவே திரை முழுதும் விரிந்து கிடக்கும் சித்திரத்தைப் படகைச் சுற்றியுள்ள கடலின் படமென்று எண்ணுவது பெரும் பிழை. திரையின் வலது ஓரத்தில் இருப்பது மட்டுமே இந்தக் கணத்தில் படகின் அடியில் உள்ளது, அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் கடந்துபோன கதை. நின்ற படகின் கீழ் நின்ற மீன் ஒன்று நீண்ட கோடாகத் தெரிவதைக் கண்டு, பெரிய மீனென்று மகிழ்ந்துபோகிறவர்கள் பலர். எதிரொலியின் பெரும்பகுதி மீனின் காற்றுப்பையிலிருந்து வருவதால், காற்றுப்பையே இல்லாத சுறாவும் திருக்கையும் தம் உடலின் பெருமைக்குத் தக்கபடி திரையில் தெரிவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

துடுப்பு வலித்துப் போகிறவர் இருபது முப்பது மீட்டர் ஆழத்தைத் தாண்டுவது அபூர்வமாகையால், 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கருவியே அவருக்கு ஏற்றது. அதன் கூம்பு குறுகியது, விவரம் துலக்கமானது. கரையிலிருந்து வெகுதூரம் சென்று, கண்டத்திட்டு முடிந்து கடல் சரேலென்று ஆழ்ந்துபோகும் இடங்களில் தொழில் செய்யும் விசைப்படகுக்கு 50 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். கயாக்குக்காரருக்கு அது வீண் செலவு. திரை ஐந்து அங்குலம் இருந்தால் தாராளம். அதன் அகலத்தைவிட, சித்திரை மாதத்து நடுப்பகல் வெயிலில் எழுத்துக் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கடைக்குள் குழல்விளக்கின் கீழ் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும், வெளியே எடுத்து வந்து பார்க்க அனுமதி கேட்பதில் கூச்சம் வேண்டாம். நீர்க்காப்பு ஐபிஎக்ஸ் 7 தரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்பது அதன் பொருள்.

இனிப் பொருத்துவது. விலையுயர்ந்த கருவி பயனற்றுப் போவதும் எளிய கருவி அற்புதமாக உழைப்பதும் இங்கேதான் நிர்ணயமாகின்றன. ஒலிக்குப் பரம சத்துரு காற்று. பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் வார்த்த கயாக்கின் உட்புறத் தரையிலேயே டிரான்ஸ்டியூசரைப் பசையில் பதித்துவிடலாம். கொஞ்சம் வலிமை குறைந்தாலும் ஒலி அந்தத் தகட்டை ஊடுருவிச் செல்லும், துளையிடவும் தேவையில்லை. ஆனால் பசைக்குள் ஒரு குமிழி காற்று அகப்பட்டுக்கொண்டால் திரை குருடாகிவிடும். எனவே ஒட்டுவதற்கு முன், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து, அந்தப் பையைப் படகின் உட்புறத்தில் இங்குமங்கும் நகர்த்தி, ஆழம் துலக்கமாகத் தெரியும் ஸ்தலத்தைக் கண்டுகொண்டு பின்னர் ஒட்டுவது புத்திசாலித்தனம். நீரின் வெப்பத்தை இம்முறையில் சரியாக அறிய இயலாது. பக்கவாட்டில் படம் காட்டும் வகைக் கருவிகளுக்கும் இது உதவாது.

இரு சுவர்களுக்கு நடுவே தெர்மோகோல் அடைத்த ஃபைபர் படகில் இந்த உபாயம் பலிக்காது. கட்டுமரத்தின் கட்டையிலும் பலிக்காது, ஏனெனில் மரத்தின் நாளங்களுக்குள்ளும் காற்றே இருக்கிறது. அங்கே டிரான்ஸ்டியூசர் வெளியே, தண்ணீருக்குள் இருந்தாக வேண்டும். கருவியோடு வரும் விளக்கப் புத்தகம் அதைப் படகின் பின்பலகையில் திருகிவிடச் சொல்கிறது. அந்தப் புத்தகம் படகுத்துறையில் மிதந்தபடியே கட்டிவைக்கப்படும் படகுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நம் குப்பங்களிலோ படகு அலையோடு வந்து மணலில் ஏறுகிறது, பின்னர் மணலில் இழுபடுகிறது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் முதல் நாளே முறிந்துபோகும். ஆகையால் ஒரு கைப்பிடிக் கம்பியின் நுனியில் அதைப் பொருத்தி, கடலுக்குப் போனபின் இறக்கவும் கரையை நெருங்குமுன் தூக்கிக் கட்டவும் தக்கதாக, வலை இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், என்ஜின் விசிறி கிளப்பும் நுரைக்கு எட்டாத இடத்தில் அமைப்பதே முறை. கயாக்கிலும் அலையைக் கடந்து கரையேறுகிறவர் இந்த ஜாக்கிரதையைக் கைக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி சுமார் இரண்டரைக் கிலோ எடை. அதன் சக்தியில் பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். பாதி என்றாலும் சிறிய திரைக்கு ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். லித்தியம் பேட்டரி எடை குறைவு, விலை கூடுதல். எதுவாயினும் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கவேண்டும், வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியே உபயோகிக்கவேண்டும். உப்புநீர் வெறுஞ்செம்பைப் பச்சையாக்கித் தின்றுவிடும்.

ஜிபிஎஸ் வேறொரு சங்கதி. கருவியின் இந்தப் பாதியே உயிரைக் காப்பது என்பதால், மீனைவிட இதற்கே நான் முக்கியத்துவம் தருவேன். முன்காலத்தில் மீன் கூடும் கடலடிப் பாரைக் கண்டுபிடித்தவர், கரையில் தெரியும் அடையாளங்களை இரண்டிரண்டாக ஒரே நேர்க்கோட்டில் பொருத்தி, அப்படிப் பெற்ற இரு கோடுகள் சந்திக்கும் இடத்தை மனத்தில் எழுதிக்கொண்டார். 1836இல் பிரெஞ்சுக்காரர் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கமும், கப்ஸ் கோயிலின் கோபுரங்களும், பிற்காலத்தில் 1979இல் எழுந்த புதிய கலங்கரை விளக்கமும் இவ்வகைக் குறிகளாகப் பயன்படத் தக்கவை. மூடுபனியிலும் இருளிலும் அந்த வித்தை கைகொடுக்காது. ஜிபிஎஸ் கைகொடுக்கும், வந்த வழியைத் திரையில் கோடாக வைத்துக்கொண்டு அதே வழியில் திரும்பவும் உதவும். ஆனால் அட்சரேகையை எழுதும் முறையில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. புதுச்சேரி 11 பாகை 56 கலையில் இருக்கிறது. அதையே ஒருவர் 11.56 பாகை என்று கருவியில் அடித்துவிட்டால், அது அவரைச் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, கடலூரையும் தாண்டிப் பரங்கிப்பேட்டைக்குச் சற்று வடக்கே அழைத்துச் செல்லும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசிப்பசுமையையும் செயற்கைக்கோளால் ஆராய்ந்து மீன்வளப் பகுதிகளை அறிவிக்கிறதே, அந்த அறிவிப்பைக் கருவியில் ஏற்றுகிறவர் இந்த வித்தியாசத்தை அறியாமல் ஏற்றினால் எரிபொருள் நஷ்டத்தோடு போகாது.

திரைக்குள் பதிந்து வரும் கடல் வரைபடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. புதுச்சேரிக் கரை மாறிக்கொண்டே இருக்கிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்கொட்டித் தடுப்புகள் அமைத்த பிறகு அவற்றுக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே அந்த அரிப்பைத் தடுக்கத் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இரும்பாலான அமைப்பொன்றை நீருக்குள் இறக்கியது. கடலுக்குள் நீண்டிருந்த 1962ஆம் ஆண்டுத் துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்தது. தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகுகள் தத்தளிப்பதோ ஓயாத துயரம். வரைபடம் வரைந்தவர் இவற்றில் எதையெல்லாம் அறிவாரோ! முகத்துவாரத்தில் நம்பத்தக்கது எக்கோ சவுண்டர் அந்தக் கணத்தில் காட்டும் ஆழமும், அலை உடையும் இடத்தைக் காணும் கண்ணுமேயாகும்.

கருவி வந்தால் பழைய ஞானம் அழியும் என்று முதியோர் வருந்துவதில் நியாயம் உண்டு. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. எனினும் கருவியும் மனிதரும் சேர்ந்து நடத்திய நல்ல காரியம் இதே மண்ணில் நடந்திருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய கிராமத் தகவல் திட்டத்தின்கீழ், அமெரிக்கக் கடற்படையின் இணையப்பக்கத்திலிருந்து அலையின் உயரத்தைப் பார்த்து, தமிழில் எழுதி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியாக நாள்தோறும் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை நல்லவாட்டில் அத்தகைய ஒலிபெருக்கியே ஊருக்குச் சொல்லி, ஜனங்களைக் கரையிலிருந்து ஓடச் செய்தது. அங்கே பயன்பட்டது இயந்திரம் மட்டுமன்று. அதைப் படிக்கத் தெரிந்து, ஊரின் பாஷையில் எடுத்துச் சொல்ல ஊருக்குள்ளேயே ஆட்கள் இருந்தார்கள்.

ஒக்கிப் புயலின் கொடுமைக்குப் பிறகு 2019இல் ஜெமினி என்ற எச்சரிக்கைக் கருவி வெளியாயிற்று. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 1 லட்சம் படகுகளுக்கு, இருக்குமிடத்தை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. இவை வரவேற்கத்தக்கவை. இவற்றோடு நிறுத்தாமல், சிறு படகுக்கு எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் வாங்க எப்போது உதவி செய்தாலும், அந்தத் தொகையில் ஒரு பங்கைப் பொருத்தும் கூலிக்கும் ஓராண்டுப் பழுதுபார்ப்புக்கும் தமிழில் நடக்கும் பயிற்சிக்கும் தனியே ஒதுக்கவேண்டும் என்று புதுச்சேரி மீன்வளத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். காரைக்கால் படகுகளுக்கு, இலங்கையோடு செய்த 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் அமைந்த சர்வதேசக் கடல் எல்லையைத் திரையில் கோடாக ஏற்றி, நெருங்கினால் ஒலிக்கும்படி வைத்துக்கொடுப்பதும் இந்தப் பயிற்சியின் அங்கமாக வேண்டும். கயாக் வாடகைக்கு விடுகிறவர்களும் கடலுக்குள் அனுப்பும் எவருக்கும், புறப்பட்ட இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு திரும்பக் கற்றுத்தந்த பிறகே துடுப்பைக் கையில் கொடுக்கவேண்டும்.

இதற்குப் புதிய கட்டடமோ புதிய உத்தியோகமோ தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் தேங்காய்த்திட்டில் நிற்கும். அவற்றின் எக்கோவையும் வயரிங்கையும் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்துக் கைதேர்ந்த தொழிலாளிகள் அங்கேயே இருப்பார்கள். அந்த 61 நாட்களில் அவர்களுக்குக் கூலி கொடுத்து, குப்பம் குப்பமாக அழைத்துப் போய், ஒவ்வொரு படகிலும் டிரான்ஸ்டியூசர் எங்கே இருக்கவேண்டும் என்பதைப் படகுக்காரரின் கையாலேயே பொருத்தச் செய்து காட்டினால், அடுத்த பருவத்துக்குள் பாதி வேலை முடிந்துவிடும்.