வண்டியின் மூச்சுக் குழாயில் கரி! துடைத்த கரியை எங்கே கொட்டுவது?

ஆயுத பூஜை வந்துவிட்டால் நெல்லைச் சீமையில் வண்டிகளுக்கெல்லாம் ஒரே குளியல்தான்! லாரி குளிக்கும். ஆட்டோ குளிக்கும். வாசலில் நிற்கும் காரும் குளிக்கும். பிறகு சந்தனம், குங்குமம், மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. வண்டி மாப்பிள்ளை போல மின்னும்.

வெளியே குளித்தாயிற்று. சரி. உள்ளே?

டீசல் காரின் உள்ளே ஒரு குழாய் இருக்கிறது. எஞ்சின் மூச்சு இழுக்கும் குழாய். அதில் ஆண்டுக் கணக்கில் கரி படிகிறது. வெளியே பார்த்தால் தெரியாது. ஆனால், வண்டிக்குத் தெரியும்!

மேடு ஏறும்போது தெரியும்

பட்டறைகளில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்:

"அண்ணாச்சி! வண்டி ஏத்தத்துல இழுக்க மாட்டேங்கு. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறதுக்குள்ள லாரியெல்லாம் முந்திட்டுப் போவுது. பின்னால ஒரே கறுப்புப் புகை!"

"உள்ள கரி புடிச்சிருக்கும் தம்பி. மேனிபோல்டைக் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

மேனிபோல்டு என்பது என்ன? தாமிரபரணிக் கரையில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து கால்வாய் புறப்படுகிறது. கால்வாயிலிருந்து மடைகள் பிரிகின்றன. மடை வழியாக வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. கன்னடியன் கால்வாய், மருதூர் கால்வாய் எல்லாம் அப்படித்தான்.

மேனிபோல்டும் ஒரு கால்வாய்தான். அதில் தண்ணீருக்குப் பதில் காற்று பாய்கிறது. எஞ்சினில் நான்கு சிலிண்டர் இருந்தால், நான்கு கிளையாகப் பிரிந்து காற்று போகும்.

கால்வாயில் வண்டல் சேர்ந்தால் என்ன ஆகும்? கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. பயிர் வாடும். மேனிபோல்டில் கரி சேர்ந்தாலும் அதே கதைதான். எஞ்சினுக்குப் போதிய காற்று கிடைக்காது. காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் கறுப்புப் புகையாக வெளியே வரும். வண்டியின் இழுவை குறையும். டீசல் செலவு கூடும்.

கரி எங்கிருந்து வந்தது?

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு பாரிசில் பிறந்தவர். 1897-ம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் தம்முடைய எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வேண்டும். டீசல் எஞ்சினில் அது வேண்டாம். காற்றை இறுக்கி அழுத்தினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சூடு அளவு மீறினால், காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நச்சு வாயு உண்டாகிறது. அது மூச்சுக்குழலைக் கெடுக்கும். அதைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிறார்கள். அப்படி விட்டால் உள்ளே சூடு தணியும். நச்சு வாயு குறையும். புகையைத் திரும்ப விடும் இந்தக் கதவுக்கு 'இ.ஜி.ஆர். வால்வு' என்று பெயர்.

புகை மட்டும் வந்தால் உலர்ந்த கரிதான் படியும். ஆனால், எஞ்சினுக்குள் கொதிக்கும் ஆயிலின் ஆவியும் அதே குழாய்க்குத்தான் வருகிறது. கரியும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? அடுப்படிச் சுவரைப் பாருங்கள். தாளிக்கிற எண்ணெய் ஆவியும் புகையும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது அல்லவா? அதே பிசுக்குத்தான் மேனிபோல்டுக்குள்ளும் ஒட்டுகிறது. நாள் ஆக ஆக, தார் போல இறுகிவிடுகிறது.

கரியோடு பழகிய சீமை

வண்டிக்குள் கரி என்பது தென்னாட்டுக்குப் புதிது அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. அப்போது கரியை எரித்து, அதில் வரும் வாயுவைக் கொண்டு பஸ் ஓட்டினார்கள். அதற்கு வேண்டிய கரிவாயுக் கருவியைத் தயாரித்து அளித்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு பிறந்தவர் அவர்.

கரிவாயு வண்டியில் சாம்பலை அள்ளவேண்டும். வடிகட்டியைத் துடைக்கவேண்டும். துடைக்காவிட்டால் தூசியும் தாரும் எஞ்சினுக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ஆகவே, துடைப்பது அன்று டிரைவரின் வேலைகளில் ஒன்று. இன்று கரி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதனால் மறந்துவிடுகிறார்கள்!

வீட்டிலேயே துடைக்கலாமா?

பொறுமையும் கருவியும் பழக்கமும் உள்ளவர்கள் துடைக்கலாம். ஆனால், ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒன்றைச் செய்யவேண்டும். காற்று வடிகட்டியைப் பார்க்கவேண்டும். ரப்பர் குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏனென்றால், அவை கெட்டாலும் இதே இழுவைக் குறைவும் கறுப்புப் புகையும் வரும். சளிக்கு மருந்து வாங்கப் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்ளக் கூடாது!

கரிதான் காரணம் என்று உறுதியானால், வேலை இந்த வரிசையில் நடக்கவேண்டும்:

எஞ்சின் நன்றாக ஆறவேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றவேண்டும். எந்தக் குழாய் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளவேண்டும்.

மேனிபோல்டைக் கழற்றியதும் எஞ்சினில் வாய்கள் திறந்து நிற்கும். அவற்றைச் சுத்தமான துணியால் அடைக்கவேண்டும். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளவேண்டும். ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தாலும் எஞ்சின் போய்விடும்.

கரியை உலர்ந்தபடி சுரண்டக் கூடாது. தூள் பறந்து மூச்சில் ஏறும். நனைத்துத்தான் சுரண்டவேண்டும். கையுறையும் முகமூடியும் வேண்டும். கார்பன் கரைக்கும் திரவம் கடையில் கிடைக்கிறது. அதில் ஊறவைத்து, மரச் சில்லாலும் நைலான் பிரஷாலும் எடுக்கவேண்டும்.

பெட்ரோலைத் தொடவே கூடாது! பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து போகும். அடுத்த அறை அடுப்பிலிருந்து தீப்பிடிக்கும். பிள்ளைகள் விளையாடும் வாசலில் அந்த விளையாட்டு வேண்டாம்.

துடைத்த மேனிபோல்டு சொட்டு ஈரம் இல்லாமல் உலரவேண்டும். இது மிக முக்கியம். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம் என்று மேலே சொன்னது நினைவிருக்கிறதா? எரியக்கூடிய திரவம் குழாயில் தேங்கி நின்றால், எஞ்சின் அதைக் குடித்துக்கொண்டு வெறி பிடித்தது போல ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. திரவம் அதிகமாக இருந்தாலோ, அழுத்த முடியாமல் எஞ்சினின் உள் உறுப்பு வளைந்துபோகும்.

திரும்ப மாட்டும்போது கேஸ்கட் புதிதாக இருக்கவேண்டும். உள்ளே வைத்த துணிகளை எண்ணி எடுக்கவேண்டும். போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன அளவுக்குத்தான் முறுக்கவேண்டும்.

சில கார்களில் மேனிபோல்டுக்கு மேலே டீசல் குழாய்கள் ஓடுகின்றன. புதிய டீசல் எஞ்சின் ஓடும்போது, அந்தக் குழாய்களில் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் அழுத்தம் இருக்கும். ஊசி முனை அளவு ஓட்டை வழியாகப் பீறிட்டால் தோலைத் துளைத்துவிடும். அந்தக் குழாய்களைக் கழற்றவேண்டி வந்தால், வீட்டு வேலை அத்தோடு நிற்கட்டும். வண்டி பட்டறைக்குப் போகட்டும். ஐந்நூறு, ஆயிரம் மிச்சம் பிடிப்பதற்காகக் கையை இழப்பது கணக்கா?

அடைத்துவிடலாம் என்பவர்கள்

"துடைப்பது எதற்கு? புகை வரும் வழியையே தகடு வைத்து அடைத்துவிடு! கரியே வராது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அடைத்தால் கரி படிவது குறையும் என்பது உண்மைதான். ஆனால், குறைந்த கரிக்குப் பதிலாக நச்சு வாயு ஊர் மூக்கில் ஏறும். தன் வீட்டுச் சாக்கடையை அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிடும் யோசனை இது!

நாடு முழுவதும் 2017-ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 4 விதியும், 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதியும் வந்தன. புகையைக் குறைக்கத்தான் இந்த விதிகள். புகை அளவை மீறும் வண்டியை ஓட்டினால், முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 2019-ம் ஆண்டுத் திருத்தம் அப்படிச் சொல்கிறது.

சட்டத்தை விடுங்கள். டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ம் ஆண்டு அறிவித்திருக்கிறது. அந்தப் புகையை முதலில் குடிப்பது யார்? வாசலில் நிற்கும் சொந்தப் பிள்ளைதான்!

இனித்தான் பெரிய கேள்வி

துடைத்தாயிற்று. வாளி நிறையக் கறுப்புத் தண்ணீர். கரி, எண்ணெய், மருந்து எல்லாம் கலந்த கூழ். இதை எங்கே கொட்டுவது?

சாக்கடையில் கொட்டுகிறார்கள். சிலர் வண்டியையே ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போய்க் கழுவுகிறார்கள். சாக்கடையில் கொட்டினால் எங்கே போகும்? வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் எங்கே போகும்? ஆற்றுக்குப் போகும். பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை, தாமிரபரணி எத்தனை ஊருக்குத் தாய்! நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் அதுதான். காரும் பிசானமும் விளைவது அதனால்தான். காலையில் ஆற்றில் போன கரி, மாலையில் குடத்தில் வந்தால் யாரை நோவது?

பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவு என்று 2016-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள் வகைப்படுத்துகின்றன. அது மண்ணில் கொட்டும் பொருள் அல்ல. தண்ணீரில் கரைக்கும் பொருளும் அல்ல.

வழி மிக எளிது. வேலை தொடங்கும் முன்பே கீழே ஒரு பழைய தட்டு வைக்கவேண்டும். கூழை மூடியுள்ள பழைய கேனில் ஊற்றவேண்டும். கரித் துணிகளையும் தனியாக மூடிவைக்கவேண்டும். பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் அந்தக் கேனை ஒப்படைக்கவேண்டும். ஒரு நடை. அவ்வளவுதான்!

பட்டறைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "கழிவு கேன் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வோம்" என்று வாசலில் ஒரு பலகை எழுதி வைக்கலாம். மாநகராட்சியும், நகராட்சிகளும், ஊராட்சிகளும் குப்பை வாங்குவது போல, இதையும் வாரம் ஒரு நாள் வாங்க ஏற்பாடு செய்யவேண்டும். கொட்ட இடம் காட்டாமல், கொட்டாதே என்று மட்டும் சொன்னால், இருட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

கரி சேராமல் இருக்க

கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓடும் டீசல் காரில் கரி சீக்கிரம் சேரும். எஞ்சின் சூடேறும் முன்பே அணைந்துவிடுகிறது அல்லவா? வாரம் ஒரு முறை நான்கு வழிச் சாலையில் அரை மணி நேரம் ஓடினால், புதுக் கரி சேர்வது குறையும். ஏற்கெனவே இறுகிய கரி அதனால் போகாது. காற்று வடிகட்டியையும் ஆயிலையும் தவணை தவறாமல் மாற்றவேண்டும். அரை கிலோமீட்டர் தூரத்துக்கு நடந்தே போய்விட்டால், வண்டிக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

தாமிரபரணிக் கரை உழவர்கள் கால்வாயைத் தூர் வாருவார்கள். வாரிய மண்ணைக் கரையில் போடுவார்கள். திரும்பக் கால்வாயிலேயே கொட்டுவார் உண்டா? வண்டியைத் தூர் வாருவதும் அப்படித்தான் இருக்கவேண்டும். வண்டி நன்றாக மூச்சு விடட்டும். அதற்காக ஆறு மூச்சுத் திணற வேண்டாம்!