பிளாட்பாரம் - பாதி வரைக்கும்தான்!

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப ஆச்சி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. "எய்யா, இனிமே நான் மெட்ராசுக்கு வரலப்பா. ஒனக்குப் பாக்கணும்னா நீ தூத்துக்குடிக்கு வா."

ஆச்சிக்கு ரயில்னா உசுரு. ஜன்னல் ஓரம் கிடைச்சா காஷ்மீர் வரைக்கும் வருவாங்க. பிரச்சனை பயணம் இல்லீங்க, ஏறுறது. அதுக்கு முந்தின தடவை, ரெண்டே நிமிஷம் நிக்கிற ஒரு சின்ன ஸ்டேஷன்ல, நான் மேல இருந்து கையைப் பிடிச்சு இழுக்க, தம்பி கீழ இருந்து தாங்க, ஒரு வழியா ஏத்தினோம். அப்ப ஆச்சி முகத்துல இருந்தது மூட்டு வலி இல்ல, வெக்கம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிளாட்பாரம் எதுக்கு இருக்கு? டீ குடிக்கவா, துண்டு விரிச்சுப் படுக்கவா? :-) ரயில் வந்த புதுசுல, இங்கிலாந்துல பல இடங்கள்ல குதிரை வண்டியில ஏறுற மாதிரி தரையில இருந்தே படி மிதிச்சுத்தான் ஏறினாங்க. அந்த ஏற்றத்தைக் குறைக்கத்தான் மேடை கட்டினாங்க. மத்ததெல்லாம் அப்புறம் சேர்ந்துகிட்டது.

நம்ம ரயில்வே கணக்கைப் பாருங்க. உயரமான பிளாட்பாரம்னா தண்டவாளத்துல இருந்து 760 முதல் 840 மி.மீ. தாழ்வானது 455 மி.மீ. இது போக, தண்டவாள மட்டத்துலயே இருக்கிறதும் உண்டு. பெட்டியோட தரையோ கிட்டத்தட்ட 1300 மி.மீ. அதாவது உயரமான பிளாட்பாரத்துலயே ஒன்றரை அடி பாக்கி. வீட்டுப் படிக்கட்டுல மூணு படி! தாழ்வானதுன்னா அஞ்சு படிக்கும் மேல. பெட்டியில படி இருக்குதான், ஆனா அது ஏணி மாதிரி செங்குத்தா இல்ல இருக்கு?

இந்த 'பாதி வேலை' எங்க ஊருக்குப் புதுசு இல்ல. பழைய தூத்துக்குடி துறைமுகத்துல கடல் ஆழம் கம்மி. கப்பலெல்லாம் சில மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கு தோணியில போகும். 1876-ல ரயில் வந்த பிறகு, மெட்ராஸ்ல இருந்து கொழும்புக்குப் போற ஜனங்க இங்க இறங்கி, படகுல போய் கப்பல் ஏறினாங்க. 1914-ல பாம்பன் பாலம் திறந்ததும் அந்தப் பயணம் தனுஷ்கோடி பக்கம் போயிடுச்சு. அப்புறம் ஆழ்கடல் துறைமுகம் கட்டி, 1974-ல பெரிய துறைமுகம்னு அறிவிச்சாங்க. இப்ப கப்பலே கரைக்குப் பக்கத்துல வந்து நிக்குது. சரக்குக்கு இடைவெளியை அடைச்சாச்சு. ஆச்சிக்கு?

பொட்டி தட்டுறவன் சும்மா பேசுறான்னு நினைக்காதீங்க, எதிர்த்தரப்பு நியாயமும் தெரியும். அதே பாதையிலதான் கூட்ஸ் வண்டியும் போகுது. அளவுக்கு மீறின அகலமான சரக்கு உயரமான மேடையில உரசும். நிக்கிற வண்டியோட சக்கரத்தை ஊழியர் பிளாட்பாரத்துல இருந்தே பாத்தாகணும். எல்லாம் சரி.

ஆனா வழியே இல்லையா? 2015-ல ஓட ஆரம்பிச்ச சென்னை மெட்ரோவுல சக்கர நாற்காலியை அப்படியே உள்ள உருட்டலாம். மெட்ரோவுக்குத் தனிப் பாதை, சரி. மும்பை புறநகர்ல விபத்துகளுக்கு அப்புறம் பிளாட்பாரத்தை 900 மி.மீ.க்கு மேல உயர்த்தினாங்க. வந்தே பாரத்ல கதவு திறந்தா படி தானா வெளிய வந்து இடைவெளியைக் குறைக்குது. அப்ப தொழில்நுட்பம் பிரச்சனை இல்ல, யாரை மனசுல வெச்சு டிசைன் பண்றோம்ங்கறதுதான் பிரச்சனை.

ஹூப்ளியில 1,507 மீட்டர்ல உலகத்துலயே நீளமான பிளாட்பாரம்னு 2023-ல திறந்தாங்க. சந்தோஷம். நீளத்துல சாதனை பண்ணியாச்சு, கொஞ்சம் உயரத்தையும் பாருங்கய்யா. மேடையை உயர்த்த முடியாத இடத்துல, ஒரு பெட்டிக்காவது சாய்தளப் பலகையும் அதைப் போட ஒரு ஆளும் போதும். ஸ்டேஷனுக்கு பெயின்ட் அடிக்கிற காசுல பாதி கூட ஆகாதுன்னுதான் எனக்குத் தோணுது.

எங்க ஆபீஸ்ல ஒரு புரோகிராம் பாதி பேருக்கு வேலை செஞ்சு மீதிப் பேருக்குச் செய்யலைன்னா அதுக்குப் பேர் 'பக்'. ரயில்வேயில மட்டும் அது பழக்கமாயிடுச்சு.

அடுத்த வாரம் நான்தான் ஊருக்குப் போறேன், முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல. ஆச்சி பனங்கிழங்கு அவிச்சு வைப்பாங்க. இருந்தாலும், அந்த ஜன்னல் ஓர சீட்டு அவங்களுக்குச் சேர வேண்டியது.